பேர் விழும் கூட்டம்: தோட்டக் கம்பனியில் ஊழியர் குழு அமைப்பது எப்படி

கொழும்புத் தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல் வரும்: எல்லாத் தேயிலைத் தோட்டங்களிலும் ஊழியர் வளக்குழு (ஊழியர்கள் தங்கள் பிரச்சினைகளைப் பேசும் குழு) அமைக்கவும். துரை, அதாவது தோட்ட மேலாளர், அதைக் கிளாக்கரிடம் கொடுப்பார். கிளாக்கர் காலைப் பெரட்டில் (வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் கூடுமிடத்தில்) சொல்லிவிடுவார்: "பின்னேரம் நாலரைக்கு ஆபீஸ்ல கூட்டம், விருப்பமானவங்க வாங்க." நாலரைக்கு வெல்பெயார் உத்தியோகத்தர் வருவார், ஸ்டோரிலிருந்து (தேயிலைத் தொழிற்சாலை) இரண்டு பேர் வருவார்கள், என்னதான் பேசுகிறார்கள் என்று பார்க்கத் தொழிற்சங்கத் தலைவரும் வந்து உட்காருவார். கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒருவர்கூட இருக்கமாட்டார். அந்த நேரத்தில் அவர் பிள்ளைக்காம்பராவில் (பிள்ளைக் காப்பகம்) குழந்தையை எடுத்து, பீலியில் தண்ணீர் பிடித்து, விறகுக்கட்டோடு லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஏறிக்கொண்டிருப்பார். மறுநாள் அறிக்கையில் "பெண் தொழிலாளர்களுக்கு ஆர்வம் இல்லை" என்று எழுதப்படும்.

இந்த மாதிரிக் குழுக்கள் பிறந்த இடம் வேறு. 1964-இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் இனக் கலவரம் வெடித்தது. அந்நகரின் பெரிய கம்பனியான ஸெரொக்ஸ், ஜோசப் வில்சன் தலைமையில் கறுப்பினத்தவரைக் கூடுதலாக வேலைக்கு எடுக்கத் தொடங்கியது. 1970 வாக்கில் அந்த ஊழியர்கள் தங்களுக்கென்று குழுவாகச் சேர்ந்தார்கள். அவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். ஒரு மணி நேரம் கூட்டத்தில் இருந்தால் சம்பளத்தில் சதம் குறையாது. நம் மலையில் நாட்சம்பளம்; ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்று பதிவார்கள். ஒரு மணி நேரம் மலையை விட்டு இறங்கினால் இரண்டு கிலோவுக்கு மேல் போகும், நோர்ம் (ஒரு நாளில் பறிக்க வேண்டிய அளவு) வராது, அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்) விழும். அதனால் கையேடுகளில் முதல் படியாகப் போடும் நோக்கம், சின்னம், பெயர் எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். செக்ரோலில் (பேர் பதியும் சம்பளப் பதிவேடு) இருந்து தொடங்குங்கள்.

பேர் கணக்கு

கூட்டம் ஒரு மணி நேரம். மலையிலிருந்து வந்து திரும்ப அரை மணி. மொத்தம் ஒன்றரை மணி நேரம். தோட்டத்தின் நோர்ம் 18 கிலோ, வேலை நேரம் 8 மணி என்று வைத்தால் மணிக்கு 2.25 கிலோ; ஒன்றரை மணிக்கு ஏறத்தாழ மூன்றரை கிலோ. அன்றைக்கு அந்த உறுப்பினருக்கு நோர்ம் 14.5 கிலோ, பேர் முழுப்பேர். நோர்ம் தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும்; உங்கள் எண்ணைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

வாய்மொழியாகச் சொன்னால் இது நடக்காது. சம்பளத்துக்கு முன் செக்ரோலை முடிக்கிறவர் வேறொருவராக இருப்பார். அவருக்குத் தெரிந்தது 14.5 கிலோ என்ற எண் மட்டும்தான். ஆகவே துரை கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதம் வெளிக்கள உத்தியோகத்தரிடமும் செக்ரோல் கிளாக்கரிடமும் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்த உடனே வந்தவர்களின் செக்ரோல் இலக்கங்களை எழுதி அன்றைக்கே ஆபீஸில் ஒப்படைக்க வேண்டும். முதல் மாதச் சம்பளத்தில் ஒருவருக்கு அரைப்பேர் விழுந்தாலும் இரண்டாம் கூட்டத்துக்கு ஆள் வராது. இதை எந்தப் பயிற்சிப் பட்டறையாலும் சரிசெய்ய முடியாது.

பலரும் கவனிக்காதது கங்காணியின் (பறிப்பவர்களை மேற்பார்ப்பவர்) கணக்கு. அவருடைய கையின் கீழ் 20 பெண்கள் என்றால் அவரிடம் எதிர்பார்ப்பது 360 கிலோ. இரண்டு பேரை ஊழியர் குழுவுக்கு அனுப்பினால் 7 கிலோ குறையும். கேள்வி அவரைத்தான் கேட்பார்கள். அடுத்த மாதம் அந்த இரண்டு பேரையும் எட்டாத மலைக்கு அனுப்பிவிடுவார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அன்றைய எதிர்பார்ப்பை 353 என்று அவருக்கும் எழுத்தில் குறைத்துக் கொடுங்கள்.

செலவு எவ்வளவு என்று தலைமையகம் கேட்கும். 11 உறுப்பினர், ஆண்டுக்கு 12 கூட்டம், ஒன்றரை மணி: 198 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 25 பேர் (25 நாள் சம்பளம்). 500 தொழிலாளர் மாதம் 25 நாள் வேலை செய்யும் தோட்டத்தில் ஒரு மாதத்துக்கே 12,500 பேர் விழும். குழுவுக்கு ஆண்டு முழுவதும் 25. மகளிர் தினத்தன்று அடிக்கும் பதாகைக்கும் கேக்குக்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, பகல் கொழுந்து எடை போட்ட உடனே வைப்பது நல்லது. எல்லோரும் மடுவத்துக்கு (கொழுந்து எடை போடும் கொட்டகை) இறங்கிவந்த நேரம் அது. இடமும் மடுவத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், ஆபீஸ் வேண்டாம். ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு சுவரோரம் நிற்பவரால் துரையின் மேசைக்கு எதிரே வாய் திறக்க முடியாது. கொழுந்து குவியும் ஏப்ரல், மே மாதங்களில் கூட்டத்தை அரை மணியாகச் சுருக்கலாம், நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாதம் விட்டால் மூன்று மாதம் போய்விடும்.

யார் உட்காருவது

11 பேர் போதும். கொழுந்து பறிக்கும் பெண்கள் 4, ஸ்டோரிலிருந்து 2 (ஒருவர் பெண்), கவ்வாத்து, மருந்தடிப்பு போன்ற சில்லறை வேலை ஆட்கள் 2, கங்காணி 1, ஸ்டாஃப் 1, பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் சிங்களத் தொழிலாளி 1. இவர்களில் ஒருவராவது மாற்றுத்திறனாளியாகவோ, அப்படியொருவரை வீட்டில் பராமரிப்பவராகவோ இருக்கட்டும். டிவிசனுக்கு (தோட்டத்தின் ஒரு பிரிவு) ஒருவராவது வர வேண்டும். ஒரே லயம், ஒரே கோயில் கமிட்டி, ஒரே சொந்தபந்தம் என்று குழு அமைந்துவிட்டால் மற்ற டிவிசன்காரர்கள் அதை "அவங்க சங்கம்" என்பார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் போகாது. சிங்களத் தொழிலாளியின் இடம் சம்பிரதாயத்துக்கு அல்ல. தோட்டத்தில் அவர்தான் சிறுபான்மை. மேசையில் பேசுவது அவருக்கு விளங்கவில்லை என்றால், கொழும்பில் நமக்கு நடப்பதையே இங்கே அவருக்கு நாம் செய்கிறோம்.

தெரிவை இரகசிய வாக்கில் நடத்துங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் சேர்த்து ஒரே முறை: போட்டியிடுபவரின் படம் ஒட்டிய டின்கள், ஆளுக்கு இரண்டு போஞ்சி விதை, மறைப்புக்கு ஒரு படங்கு. ஒரு டிவிசனுக்கு ஒரு மணி நேரத்தில் முடியும். கங்காணியோ துரையோ பெயர் சொல்லி நியமித்தவர்கள் குழுவில் இருந்தால், அங்கே பேசுவது எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. ஆண்டுதோறும் பாதிப்பேர் மாறட்டும்.

சங்கத்தோடு முட்டாமல்

சங்கத் தலைவர்மாரிடம் முதலில் சொல்லுங்கள், பிறகு பெரட்டில் அறிவியுங்கள். வரிசை மாறினால் "கம்பனி சங்கத்தை உடைக்கப் பார்க்குது" என்ற பேச்சு மாலைக்குள் எல்லா லயத்துக்கும் போய்விடும். அந்தச் சந்தேகம் காரணமில்லாததும் அல்ல. 1999-இல் திருத்தப்பட்ட கைத்தொழில் பிணக்குகள் சட்டம், ஒரு தொழிற்சங்கத்தைத் தன் கைக்குள் வைக்கும் நோக்கோடு முதலாளி அதற்கு உதவுவதை முறையற்ற தொழில் நடைமுறை என்கிறது. 40 சதவீத அங்கத்துவம் உள்ள சங்கத்தோடு பேச மறுப்பதையும் அப்படியே. கம்பனிப் பணத்தில் நடக்கும் ஊழியர் குழு சம்பளம் பேசத் தொடங்கினால் அது கோட்டைத் தாண்டிவிட்டது.

ஆகவே குழுவின் ஒரு பக்க விதிகளில் இது முதல் வரியாக இருக்கட்டும்: சம்பளம், நோர்ம், கிலோக் கொடுப்பனவு, வேலைநிறுத்தம், ஒருவர் மீதான ஒழுக்காற்று விசாரணை ஆகியவை இங்கே பேசப்படமாட்டா; அவை சங்கத்துக்குரியவை. தோட்டத்தில் பல சங்கங்கள் இருந்தால் எல்லாத் தலைவர்மாருக்கும் ஒரே நாளில் ஒரே கடிதம்.

ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் (சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன் சார்ந்த சர்வதேசச் சான்று) சான்றிதழ் உள்ள தோட்டம் என்றால், பாலின சமத்துவத்துக்குப் பொறுப்பானவரும், பாகுபாடு, துன்புறுத்தல் போன்றவற்றைக் கவனிக்க நிர்வாகமும் தொழிலாளரும் சேர்ந்த ஒரு கமிட்டியும் அந்தத் தராதரத்தின்படியே இருக்க வேண்டும். கோப்பில் இருக்கும், ஓடிட்டர் வருகிற வாரம் மட்டும் உயிர் பெறும். புதிதாக நாலாவது கமிட்டி போடுவதைவிட அதையே எழுப்பி உட்காரவைப்பது மேல்.

முதல் கூட்டத்தில் எது வரும்

தலைமையகம் எதிர்பார்ப்பது "தலைமைத்துவ வாய்ப்பு" மாதிரியான சொற்களை. மலையில் முதலில் வருவது பெரும்பாலும் மூன்று: கழிப்பறை, பேச்சு மரியாதை, புரியாத கடதாசி.

கழிப்பறைக்குக் கணக்கு இருக்கிறது. ஒரு மலைக்குப் பறிப்புச் சுற்று ஏழு நாள் என்றால், இன்று பறித்த மலைக்கு அடுத்த வாரம்தான் திரும்பி வருவார்கள். அதனால் மலைக்கு ஒன்று கட்டுவது நடக்காத காரியம். மலை இலக்கங்களைக் கொண்ட தோட்ட வரைபடத்தை விரித்து, அருகிலுள்ள கழிப்பறைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டிய மலைகளைக் குழுவின் பெண்களே சிவப்பால் குறிக்கட்டும். சிவப்பு எங்கே கூடுகிறதோ அங்கிருக்கும் மடுவத்தை ஒட்டி ஒன்று கட்டினால் பல மலைகளுக்குப் பயன்படும். தண்ணீர், கொக்கி, மூடியுள்ள வாளி மூன்றும் இல்லாமல் திறப்பு விழா வைக்காதீர்கள். தண்ணீரை யார் நிரப்புவது என்று தினசரி வேலைப் பட்டியலில் எழுதாவிட்டால் இரண்டாம் மாதமே பூட்டுத் தொங்கும்.

பேச்சு மரியாதை பணம் கேட்காத விஷயம். ஆனாலும் கடினமானது இதுதான். இருபத்துநான்கு வயது உத்தியோகத்தர் ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணை "ஏ, இங்க வா, என்ன இவ்வளவுதானா பறிச்ச" என்பார். அவர் பதிலுக்கு "இல்லீங்க ஐயா" என்பார். கம்பனியின் நடத்தைக் கோவையில் "கண்ணியமாக நடத்துதல்" என்று இருக்கும். அதை வைத்து யாரும் எதையும் பிடிக்க முடியாது. விதியைத் தமிழிலேயே, சொல்லோடு எழுதுங்கள்: ஸ்டாஃபும் கங்காணியும் வேலைத்தளத்தில் எல்லோரையும் "நீங்க, வாங்க" என்றே பேச வேண்டும், பெயர் சொல்லியோ, அக்கா, அம்மா, அண்ணன் என்றோ கூப்பிடலாம், நீ, வாடி, போடா கூடாது. சிங்களம் பேசும் உத்தியோகத்தர்கள் தமிழ் கற்கும்போது நிலைமை இன்னும் சங்கடம். மலையில் காதில் விழுந்ததைக் கற்கிறார்கள். காதில் விழுவது "வா, போ" மட்டும்தான். தமிழ் வகுப்பில் முதல் பாடமே மரியாதை விகுதியாக இருக்கட்டும்.

இனி கடதாசி. அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் 1987-இல் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அது கட்டுப்படுத்துவது அரச கந்தோர்களை; தனியார் கம்பனி தன் சம்பளச் சிட்டையை எந்த மொழியில் அடிப்பது என்று சொல்லாது. அதனால் இதைக் கம்பனிக் கொள்கையாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு சம்பளச் சிட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். விரல் நீளத் தாள், மங்கிய மை, ஆங்கிலச் சுருக்கெழுத்துக்கள். வேலை செய்த பேர், கூடுதல் கிலோ, பிறகு கழிவுகள்: ஊழியர் சேமலாப நிதி 8 சதவீதம், முற்பணம், தீபாவளி அட்வான்ஸ், சங்கச் சந்தா, கோயில் பணம், தேயிலைத் தூள். முதலாளி போடும் சேமலாப நிதி 12 சதவீதமும், நம்பிக்கை நிதி 3 சதவீதமும் ஒரு மூலையில் இருக்கும், அல்லது இருக்காது. குழு செய்ய வேண்டியது: ஒவ்வொரு தலைப்புக்கும் தோட்டத்தில் வழங்கும் சொல்லையே தமிழில் வைப்பது, வரவையும் கழிவையும் இரண்டு பத்தியாகப் பிரிப்பது, கையில் கிடைக்கும் தொகையைப் பெரிய எழுத்தில் அடியில் போடுவது. மாதிரியை அடித்து, எழுத வாசிக்கச் சிரமப்படும் ஐந்து பேரிடம் கொடுத்து, "அட்வான்ஸ் எவ்வளவு பிடிச்சிருக்கு?" என்று கேளுங்கள். ஐவரில் நால்வர் சரியாக விரல் வைத்தால் அதை அச்சுக்குக் கொடுக்கலாம். அட்வான்ஸ் தொகை கூடவா குறையவா என்ற பேச்சு சங்கத்துடையது. சிட்டை புரிகிறதா என்பது குழுவுடையது. எல்லை எங்கே என்று குழப்பம் வரும்போதெல்லாம் இந்த உதாரணம் உதவும்.

அதோடு ஒட்டியது பெயர் விவகாரம். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு, சேமலாப நிதிக் கணக்கில் மூன்றாவது. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் கேட்டு எழுதி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது "மாரியாயி" எத்தனையோ விதமாக மாறும். வேலைக் காலம் முழுவதும் யாரும் கவனிப்பதில்லை. ஓய்வு பெற்றுப் பணம் எடுக்கப் போகும்போது அலைச்சல் தொடங்கும். ஆண்டுக்கொரு நாள் பெயர் சரிபார்க்கும் நாள் வையுங்கள். ஒவ்வொருவரும் அடையாள அட்டையோடு வர, மூன்று பதிவையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்து, வேறுபாட்டைச் சிவப்பில் குறித்து, திருத்தத்துக்கு ஆபீஸ் மூலம் அனுப்ப வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களை முதலில் எடுங்கள்.

சட்டத்தில் இருந்தும் கைக்கு எட்டாத உரிமைகளும் குழுவின் வேலைதான். மகப்பேற்று நன்மைகள் சட்டத்தின்படி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு வேலைநாளில் இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக் காப்பகம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. பிள்ளைக்காம்பராவிலிருந்து இருபது நிமிடத் தூரத்து மலையில் நிற்கும் தாய்க்கு அந்த அரை மணி நடையிலேயே தீர்ந்துவிடும். பரிகாரம் எளிது: பாலூட்டும் தாய்மாரின் செக்ரோல் இலக்கங்களைக் குழு மாதந்தோறும் கொடுக்க, அவர்களைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்டிய மலையில் போட வேண்டும். ஒரு சதமும் செலவில்லை.

பெட்டியும் பலகையும்

முறைப்பாட்டுப் பெட்டி ஆபீஸ் வாசலில், சாவி கிளாக்கரிடம் என்றால் அதற்குள் பல்லி முட்டைதான் இருக்கும். பிள்ளைக்காம்பராவுக்கோ ஸ்டோரின் பெண்கள் கழுவுமிடத்துக்கோ பக்கத்தில் மாட்டுங்கள். இரண்டு பூட்டு, ஒரு சாவி குழுவின் பெண் உறுப்பினரிடம், மற்றது தோட்டத்துக்கு வெளியே இருக்கும் மனிதவள உத்தியோகத்தரிடம். 1ஆம் திகதியும் 15ஆம் திகதியும் இருவரும் சேர்ந்து திறக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களுக்குக் குரல்பதிவு அனுப்ப வாட்ஸ்அப் எண் ஒன்று இருக்கட்டும், அதைத் தோட்டத்துக்காரர் கையில் கொடுக்காதீர்கள். குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

பாலியல் துன்புறுத்தல் முறைப்பாட்டைக் குழு ஒருபோதும் விசாரிக்கக் கூடாது. பதினொரு பேர் முன்னால் பேசவைப்பது இரண்டாவது தண்டனை. அது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவுக்குரிய குற்றம். உறுப்பினர்களுக்குத் தெரிய வேண்டியது வழி மட்டும்: கம்பனியின் விசாரணைக் குழுவில் யாரிடம் போவது, பொலிஸின் சிறுவர் மகளிர் பிரிவு எங்கே, பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938. கூடப் போவதற்கு ஒருவர். அவ்வளவே.

கேட்டதற்குப் பதில் 14 நாளில் வர வேண்டும். பெரட்டுக் களத்தில் ஒரு பலகை: கேட்டது, பதில், திகதி. "முடியாது, காரணம் இது" என்பதும் பதில்தான். மக்கள் அதை ஏற்றுக்கொள்வார்கள். "பார்க்கிறோம்" என்று மூன்று மாதம் தொங்கும் வரியைத்தான் மன்னிக்கமாட்டார்கள். பலகையை வாரம் ஒருமுறை பெரட்டில் தமிழிலும் சிங்களத்திலும் சத்தமாக வாசிக்க வேண்டும்.

கருத்துக்கணிப்பு எடுப்பதானால் கேள்வி கேட்பவர் வேறு தோட்டத்திலிருந்து வரட்டும். ஐந்து பேருக்குக் குறைந்த பிரிவின் விடைகளைத் தனியாகக் காட்டாதீர்கள். "ஸ்டோரில் வேலை செய்யும் சிங்களப் பெண்கள்: 2" என்று அறிக்கையில் போட்டால் பெயரைப் போட்டதற்குச் சமம். உடல்நிலை, மதம் போன்ற விவரங்களுக்கு 2022-இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிப் பாதுகாப்பு கேட்கிறது. பூட்டிய அலுமாரி, இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி.

தைத்த ஆடைத் தொழிற்சாலையில்

பேர் கணக்கு இங்கே லைன் டார்கெட் (ஒரு தையல் வரிசைக்கான இலக்கு) கணக்காக மாறும். கழிக்கும் முறை அதேதான். மலையக ஆலைகளில் முதலில் பார்க்க வேண்டியது ஒலிபெருக்கி. அறிவிப்பு சிங்களத்தில் மட்டும் போனால் தீப்பயிற்சியின்போது தமிழ்ப் பெண்கள் பக்கத்து மெஷின்காரரைப் பார்த்துத்தான் எழுவார்கள். எந்தக் கதவு, எங்கே கூடுவது என்பதை இரு மொழியிலும் பதிவுசெய்து, மாதம் ஒருமுறை ஓடவிட்டு, கடைசி ஆள் வெளியே வர ஆன நேரத்தைக் குறியுங்கள்.

கொழும்புத் தலைமையகத்திலும் மலையகப் பிள்ளைகள் இருப்பார்கள், எந்தத் தோட்டம் என்று கேட்டால் "ஹட்டன் டவுன்" என்று சொல்லிக்கொண்டு. அவர்களை மேடையேற்றி "சாதனைக் கதை" சொல்லவைப்பது அநாகரிகம். தோட்டத்திலிருந்து விண்ணப்பிக்கும் ஒருவருக்கு நேர்முகத்தேர்வு எப்படி நடக்கும் என்று போனில் சொல்ல விரும்புகிறீர்களா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

ஆதரவாளர், கையளிப்பு

துரை மாற்றலாகிப் போவார். அவரை மட்டும் நம்பி நடந்த குழு அவருடைய லொறியிலேயே ஏறிப் போய்விடும். ஆகவே தலைமையகத்தில் ஒரு பணிப்பாளர் ஆதரவாளராக இருக்க வேண்டும். தோட்டத்தை நேரடியாக நிர்வகிப்பவராக அவர் இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டத்திலாவது நேரில் உட்கார வேண்டும். சின்னச் செலவுகளுக்கு யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போடும் அதிகாரம் இருக்க வேண்டும். வரும்போது முன்னறிவிப்பும் மாலையும் வேண்டாம்.

புதிய துரை பொறுப்பேற்கும் நாளில் ஸ்டோர் கணக்கோடு இந்தக் கோப்பும் கைமாறட்டும்: ஒரு பக்க விதிகள், உறுப்பினர் செக்ரோல் இலக்கங்கள், பேர் போடும் கடிதத்தின் பிரதி, பலகையில் பதில் வராத வரிகள், கழிப்பறை வரைபடம், பெட்டிச் சாவி யார் யாரிடம் என்ற குறிப்பு. பேர் போடும் கடிதத்தில் பழைய துரையின் கையொப்பம்தான் இருக்கும். புதியவர் அதில் அன்றைக்கே கையெழுத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த செக்ரோலில் அரைப்பேர் விழும்.